இனிஷியலில் சிக்கும் ஸ்காலர்ஷிப்: செட்டிநாட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை சீட்டில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் இந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, பள்ளத்தூர், கோட்டையூர் வரைக்கும் இலவச ஆலோசகர். வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, ஸ்காலர்ஷிப்புக்கு எங்கே மனு போடணும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஆதார்ல பேர் எப்படி இருக்கு?" கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

நான் பார்த்த வரைக்கும், தகுதி இல்லாமல் பணம் கிடைக்காமல் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். தகுதி இருந்தும் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு ஒத்துப்போகாமல் விட்டவர்கள்தான் அதிகம். அதனால் திட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

முதலில் பேர்

நம்ம ஊர்ப்பக்கம் பேருக்கு முன்னால் ரயில் பெட்டி மாதிரி இனிஷியல் கோத்து வரும். 'ராம.மெ.சுப.' என்று பாட்டையா, தாத்தா, அப்பா மூன்று பேரும் நிற்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அது அழகு. கம்ப்யூட்டருக்கு அது மூன்று வேறு ஆள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் ஒரே ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் அப்பா பேர் முழுசாகப் பின்னால். இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. ஒரு இடத்தில் 'எச்' இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றுவதுதான் ஆகக் கஷ்டம். எனவே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். பேர், இனிஷியல், இடைவெளி, புள்ளி, பிறந்த தேதி எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆதாரில் பேரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் சேவை மையத்தில் திரையில் காட்டும்போது, 'சரி' என்று தலையாட்டுவதற்கு முன்னால் மதிப்பெண் சான்றைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அவசரப்படுத்துவார்கள். படட்டும்.

பதினைந்து வயதில் கைரேகை, கண் பதிவு, முகப் படம் மூன்றையும் புதுப்பித்திருக்க வேண்டும். பல பிள்ளைகள் ஐந்து வயதில் எடுத்த பதிவோடு கல்லூரி வரை வந்துவிடுகிறார்கள். பிறகு இணைய மனுவில் முகச் சரிபார்ப்பு கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். இதையும் அதே நடையில் முடித்துவிடுங்கள். செல்போன் எண்ணும் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், அது வீட்டில் யாராவது எப்போதும் கையில் வைத்திருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வாங்கிக் கொடுத்த சிம்மில் ஓ.டி.பி. போனால், அவரை ராத்திரி எழுப்பித்தான் மனு போட முடியும்.

இரண்டாவது, பணம் எந்தக் கணக்குக்குப் போகும்

இப்போது அரசு உதவித்தொகை ஏறக்குறைய எல்லாமே ஆதார் வழியாக நேரடியாக மாணவர் கணக்குக்கு வருகிறது. மனுவில் நீங்கள் எழுதும் கணக்கு எண்ணுக்குத்தான் வரும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். உங்கள் ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு பணப்பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டதோ, அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோமே என்றால், அது வாடிக்கையாளர் விவரம். பணம் வாங்குவதற்கான இணைப்பு தனி. 'ஆதார் சீடிங்' என்று கேட்டு, அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும்.

ஒரு பெண் பிள்ளை இரண்டாம் ஆண்டு வரை பணம் வரவில்லை என்று என் மேசைக்கு நடந்தாள். எங்கள் அலுவலகக் கணக்கில் 'செலுத்தப்பட்டது' என்றே இருந்தது. நானும் அவளைச் சந்தேகப்பட்டேன், அவளும் என்னைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் பார்த்தால், எட்டாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்த ஒரு கிராமத்துக் கிளைக் கணக்கில் பணம் மொத்தமும் தூங்கிக்கொண்டிருந்தது. பாஸ்புக் அவள் ஆயா வீட்டுப் பெட்டியில். அன்றைக்கு அவளைவிட எனக்குத்தான் வெட்கம். முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நீங்கள் ஆதார் தளத்தில் உள்ளே போய், வங்கி இணைப்பு நிலை என்ற பக்கத்தைப் பாருங்கள். எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கணக்கு எண் முழுசாக வராது, வங்கி பேர் வரும். பழைய கணக்காக இருந்தால் ஒன்று அதைப் புதுப்பியுங்கள், இல்லை புதுக் கணக்குக்கு இணைப்பை மாற்றுங்கள். அஞ்சலக வங்கியான இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்கில் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்துக் கணக்கு திறந்து கொடுப்பார். உள்கிராமங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது சௌகரியம். கணக்கு மாணவர் பேரில் இருக்க வேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம்.

மூன்றாவது, சான்றிதழ்கள்

வேண்டியவை மூன்று: சாதிச் சான்று, வருமானச் சான்று, பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்று. மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஏறிப் போகும். சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால், எண் உள்ள இணையச் சான்றாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைத் தளம் அந்த எண்ணைப் போட்டுத்தான் சரிபார்க்கிறது.

எந்த வட்டம் என்பதில் குழம்பாதீர்கள். செட்டிநாடு என்பது ஊர்க்கணக்கு. வருவாய்த் துறைக்கு அது சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர்க்காரர்களுக்குக் காரைக்குடி வட்டம். ராயவரம், கடியாபட்டி என்றால் திருமயம் வட்டம், மாவட்டம் புதுக்கோட்டை. சான்றிதழ் நீங்கள் குடியிருக்கும் வட்டத்தில்தான் வாங்க வேண்டும். ஆனால் உதவித்தொகை மனு, கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் நல அலுவலகம் வழியாகப் போகும். ராயவரத்துப் பையன் காரைக்குடியில் படித்தால் சான்று திருமயத்தில், மனு சிவகங்கையில். இது தெரியாமல் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் அரைநாள் உட்கார்ந்து திரும்பியவர்கள் உண்டு.

வருமானச் சான்றுதான் தகராறு பிடித்தது. அதன் செல்லுபடி ஒரு வருஷம்தான். போன வருஷச் சான்றைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) போடும் அப்பாவுக்கு, கண்டாங்கி நெய்யும் அம்மாவுக்கு, பலகாரம் போட்டுக் கடைக்குக் கொடுக்கும் ஆச்சிக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஒரு மாதத்தில் எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். பக்கத்து வீட்டுச் சான்றில் இருக்கும் தொகையை அப்படியே சொல்லி வைக்காதீர்கள். அதே மாதிரி, அப்பா மலேசியாவில் இருந்தால் அந்தச் சம்பளமும் வருமானம்தான். மறைத்து வாங்கிய சான்று நாலு வருஷமும் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கும்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. வெளியே பார்த்தால் தெருவுக்குத் தெரு நீளும் வீடு, வளவு, பர்மாத் தேக்குத் தூண். உள்ளே குடியிருப்பது ஒரு மூலை அறையில் ஒரு குடும்பம். வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள், வாடகை என்று ஒரு ரூபாய் கிடையாது. 'இவ்வளவு பெரிய வீட்டில் இருந்துகொண்டு உதவித்தொகையா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மாநில அரசின் கல்லூரி உதவித்தொகை பார்ப்பது பெற்றோரின் ஆண்டு வருமானத்தை. வீட்டின் பரப்பளவை அல்ல. கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அந்த வீட்டைக் காவல் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். விலாசம் பெரிய வீட்டின் விலாசமாக இருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

உங்களுக்கு எது

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் ஒரு காலத்தில் திருமண உதவியாக இருந்ததைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். தேவதாசி முறையை எதிர்த்து நின்ற அந்த அம்மாளின் பேருக்குத் தாலித் தங்கத்தைவிடக் கல்லூரிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன், அதே 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது இரண்டிலும் இடமுண்டு. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்த பெண்களும் கேட்டுப் பார்க்கலாம். வருமான வரம்பு இல்லை, சாதி வித்தியாசம் இல்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் வரும். இளங்கலை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாம் சேர்த்தி. தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் 'தபாலில்' சேர்ந்துவிட்டு இதைக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. சேர்வதற்கு முன்னால் யோசியுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு: அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை என்றால் இலவசக் கல்வித் திட்டம், வருமானம் பார்ப்பதில்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கானது, இதுவும் 2.5 லட்சம் வரம்பு. கட்டணமும் பராமரிப்புப் படியும் சேர்ந்து வரும். இதில் ஒரு எச்சரிக்கை. கணக்கில் வந்து விழும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணம். வந்த சந்தோஷத்தில் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடைக்காமல் நின்ற பையனை எனக்குத் தெரியும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் கிடைக்காது என்பதையும் சேர்க்கைக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். 'எங்க காலேஜ்லயே எல்லாம் வாங்கித் தர்றோம்' என்று வீடு தேடி வரும் ஏஜென்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பொறியியல், மருத்துவம் போன்றவற்றில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு இரண்டு வழி. குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகை, கல்விக் கட்டணத்தில் கழியும். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி வரை பார்ப்பார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. எனவே இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து இருக்கும் வீட்டில் யாருக்குக் கட்டணம் அதிகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது வழி 7.5 சதவீத ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021 முதல் இருக்கிறது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே பார்த்துக்கொள்கிறது. இது கிடைக்கும் பிள்ளைக்கு மற்ற எதைப் பற்றியும் நான் பேசுவதில்லை.

மனு போடுவது

இதுவரை சொன்னதைச் செய்து முடித்திருந்தால் மனு பத்து நிமிட வேலை. கல்லூரியில் சேர்ந்ததும் உங்களுக்கு ஒரு யுமிஸ் எண் உருவாக்குவார்கள். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததே, அதுபோலக் கல்லூரிக்கு இது. உதவித்தொகைப் பிரிவில் பொறுப்பு அலுவலர் ஒருவர் இருப்பார், அவரைத்தான் முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். எமிஸ் எண்ணையும் மாற்றுச் சான்றிதழ் நகலையும் கொடுத்து, உங்கள் பள்ளி விவரம் யுமிஸில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் அதை வைத்துத்தான் நகரும். மற்ற மாநில உதவித்தொகைகளுக்கு யுமிஸ் தளத்தில் மாணவர் பகுதியில் நுழைந்து, சாதி, வருமானச் சான்று எண்களைப் போட்டு, திட்டத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். விடுதியா வீடா என்ற இடத்தில் உண்மையைப் போடுங்கள். தொகை அதைப் பொறுத்து மாறும்.

அனுப்பிய பிறகு அது கல்லூரியின் ஒப்புதலுக்கு நிற்கும், பிறகு மாவட்ட நல அலுவலகத்துக்கு. நிலையைப் பத்து நாளைக்கு ஒருமுறை பாருங்கள். 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று வந்திருந்தால் அதைத் திருத்த உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நானே ஒரு வருஷம் முப்பது மனு திரும்பி வந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

டில்லி பக்கம்

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம் தனி. அங்கே முதலில் ஆதார் முகச் சரிபார்ப்போடு ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். பிளஸ் டூவில் தங்கள் பாடப்பிரிவில் 80 பெர்சன்டைலுக்கு மேல், அதாவது நூறு பேரில் முதல் இருபது பேருக்குள் இருந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசு கல்லூரி உதவித்தொகைக்குப் போடலாம். இளங்கலையில் முதல் மூன்றாண்டு வருஷம் 12,000, முதுகலைக்கு 20,000. நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள். பொதுப்பிரிவுப் பிள்ளைகளும் போடலாம். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கினால் இதை வாங்கக்கூடாது, எது பெரிசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து வர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

பொறியியல், பாலிடெக்னிக் பெண்களுக்குப் பிரகதி என்று ஒன்று, ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. முதலாண்டிலோ நேரடி இரண்டாம் ஆண்டிலோ சேரும்போதுதான் போட முடியும். காரைக்குடியில் 1952-லிருந்து ஒரு அழகப்பர் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. அந்த வளாகத்துக்குள் போகும் பெண்களில் பாதிப் பேர் பிரகதி என்று கேள்விப்பட்டதே இல்லை என்றால் எனக்கு வயிறு எரியும்.

கடன்

எல்லாம் போட்டும் இடைவெளி இருந்தால் கல்விக் கடன். ஐ.ஓ.பி. என்கிற இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் திறந்தது. வங்கியும் வட்டியும் நமக்குப் புதுசில்லை. ஆனாலும் கல்விக் கடன் வாங்கும்போது வட்டிக் கணக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும், திருப்பிக் கட்டுவதுதான் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து. முடிந்த வீடுகள் மாதாமாதம் அந்த வட்டியையாவது கட்டிவிட்டால் அசல் பெருகாது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்கல்விக்குப் படிக்கும் கால வட்டி முழுவதும் தள்ளுபடி. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் உண்டா என்று சேர்வதற்கு முன்னால் வித்யாலட்சுமி தளத்தில் பாருங்கள். மனுவை அந்தத் தளம் வழியாகவே போடுங்கள். கிளையில் வாய்மொழியாக 'இப்ப இல்லை' என்று சொன்னால் அதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. தளத்தில் போட்டால் மறுப்பும் காரணத்தோடு பதிவாகும்.

போட்ட பிறகு

ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் தானாக வரும் என்று விட்டவர்கள்தான் என் திண்ணைக்குத் திரும்ப வருகிறார்கள். மனுவின் நகல், சான்றுகளின் நகல், யுமிஸ் எண், எமிஸ் எண், தேசியத் தளப் பதிவு எண் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி உள்ளே. பிரவுசிங் சென்டர் தம்பியின் செல்போன் எண்ணையும் அவருடைய மின்னஞ்சலையும் கொடுத்து மனு போடாதீர்கள். அவர் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய்விட்டால் உங்கள் கணக்கும் கூடவே போய்விடும். 'உங்க ஸ்காலர்ஷிப் ரெடி, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று வரும் போனுக்குப் பதிலே சொல்ல வேண்டாம், எந்த அலுவலகமும் அப்படிக் கேட்பதில்லை.

கல்லூரியில் பேசிப் பார்த்தும் நகரவில்லை என்றால், சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம், அல்லது ஆதிதிராவிடர் நல அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள், அந்த எண்ணுக்குப் பதில் வந்தாக வேண்டும். மனுவில் உங்கள் கதையை எழுதாதீர்கள். யுமிஸ் எண், திட்டத்தின் பேர், மனு போட்ட தேதி, எந்த நிலையில் நிற்கிறது, எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது. ஐந்து வரி போதும். காலையில் காரைக்குடியில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் கூட்டம் சேர்வதற்கு முன்னால் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.